வராத தண்ணீரை அளப்பது

எங்கள் பாதையின் வறட்சித் தயார்நிலைக் குழு கொட்டும் மழையில்தான் கூடும். இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. கேலி தன்பாட்டில் அமைந்துவிட்டது. வெயில் காயும் மாசி பங்குனியில் கூட்டம் போட யாருக்கும் பொழுது கிடையாது. எல்லோரும் குழாயடியில் வாளியோடு நிற்பார்கள், அல்லது வாட்ஸ்அப் குழுவில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருப்பார்கள். பிறகு மழை இறங்கும். கோபம் ஆறும். குவிந்துகிடந்த உடுப்பெல்லாம் தோய்த்துக் காயும். அப்போதுதான் தலைவருக்கு வறட்சி ஞாபகம் வரும். அவருடைய வராந்தாவில் கதிரைகளைப் போட்டு, தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கத்தி, தண்ணீர் இல்லாத காலத்தில் என்ன செய்வது என்று நாங்கள் ஆலோசிப்போம். ஒரு தடவை கூரை ஒழுக்கு என் தேநீர்க் கோப்பையிலேயே விழுந்தது. அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். படிப்பித்த பாடம் புவியியல். கண்டிக்கு மாற்றலாகி வந்து, இங்கேயே கலியாணம் கட்டி, இங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டேன். எங்கள் ஊரில் ஆறு என்பது பாடப்புத்தகத்தில் இருக்கும் நீலக் கோடு. நிலத்துக்குக் கீழே இருப்பதைக் கிணற்றிலிருந்து அள்ளித்தான் சீவித்தோம். ஆகவே கட்டுகஸ்தோட்டைக்கு மேலே இந்த மலைச்சரிவில் வீடு பார்க்க வந்தபோது, குசினி ஜன்னலைத் திறந்தால் மகாவலி தெரிகிறது என்றதும், இனி என் ஆயுளுக்கும் தண்ணீர்க் கவலை இல்லை என்று நம்பிவிட்டேன். புவியியல் படிப்பித்தவளின் புத்தி அவ்வளவுதான். ஆறு கீழே, நாங்கள் மேலே. அடிவாரத்து வீடுகளெல்லாம் குளித்து முடித்துக் குழாயை மூடினால்தான் நகரத் தண்ணீர் எங்கள் மேடு ஏறும். வறட்சி வந்தால் குழாய் இருமும், காறும், கடைசியில் ஒரு சொட்டுத் துப்பும். ஆற்றைப் பார்த்துக்கொண்டே பல் விளக்கத் தண்ணீர் இல்லாமல் நிற்பதற்கு ஒரு தனிப் பக்குவம் வேண்டும். எனக்கு அது இன்னும் வரவில்லை.

பாதை வளையும் இடத்தில் ஒரு பீலி இருந்தது. பாறையிடுக்கில் ஊறும் தண்ணீரை ஓர் இரும்புக் குழாய்த் துண்டு வழியாக வெளியே விழ விடுவார்கள். மலைநாட்டில் அதற்குப் பெயர் பீலி. மழைக்காலத்தில் கைத்தடிப்புக்கு விழும். வெயிலில் மெலிந்து நூலாகும். ஆனால் நின்றதில்லை. பீலிக்குக் கீழே ஒரே கூரையின்கீழ் வரிசையாகச் சில லயன் வீடுகள். பன்வில பக்கத் தோட்டங்களிலிருந்து பட்டண வேலைக்கு இறங்கி வந்த குடும்பங்கள். காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை என்பதால் அவர்களுக்கு நகரக் குழாய் இணைப்பும் இல்லை. குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் பீலிதான்.

அங்கே இருந்த ஒருத்தி இடியப்பம் அவித்துப் பாலத்தடித் தேநீர்க் கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். புருஷன் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகளின் சோறும் படிப்பும் அந்த இடியப்பத் தட்டுகளில்தான் ஓடின. மாவு பிசைய, ஆவி பிடிக்க, தட்டுக் கழுவ எல்லாம் பீலித் தண்ணீர். பீலி நின்றால் அவள் அடுப்பும் நிற்கும். இந்தக் கதையில் இதை மட்டும் மறக்காமல் வைத்திருங்கள். குழு மறந்தது அதைத்தான்.

குழுத் தலைவர் எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர், ஓய்வுபெற்ற பொறியியலாளர். நல்ல மனிதர்தான், கெட்ட மனிதராக இருந்திருந்தால் நாங்கள் எச்சரிக்கையாக இருந்திருப்போம். ‘நீண்டகாலம்’ என்ற சொல் இல்லாமல் அவரால் ஒரு வசனத்தை முடிக்க முடியாது. வீட்டுக்கு வாழைப்பழச் சீப்பு வாங்கினாலும் நீண்டகால நோக்கில்தான் வாங்குவார் போல. செயலாளர், பாலத்தடியில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஹாஜியார். எதற்கும் சந்தோஷப்படும் பிறவி. தலைவர் சொல்லுவார், ஹாஜியார் சந்தோஷப்படுவார், தீர்மானம் நிறைவேறிவிடும். நான் எதற்கு அங்கே இருந்தேன் என்றால், கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்தால் கூட்டம் ஜனநாயகமாகத் தெரியும் அல்லவா.

அந்த வருஷ மழையில் தலைவர் நீண்டகால நீர்ப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வெளியிட்டார். பீலியின் ஊற்றை அப்படியே பெரிய கொங்கிறீட் தண்ணீர்த் தாங்கிக்குள் விடுவது. அங்கிருந்து பாதையின் எல்லா வீடுகளுக்கும் குழாய் இழுப்பது. நகரக் குழாய் காய்ந்தாலும் எங்களுக்குக் கவலை இல்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஊற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளக்க எல்லோரும் வளைவுக்குப் போனோம். வானம் கிழிந்ததுபோல மழை. தலைவர் முழங்காற்சட்டையோடு வாளியைப் பிடிக்கிறார், ஹாஜியார் ஒரு கையில் குடையும் மற்றக் கையில் கைபேசியுமாக நேரம் பார்க்கிறார். பீலி பொங்கிக்கொண்டு வாளியைத் தள்ளுகிறது. வாளி நிறைந்த வேகத்தைப் பார்த்து ஹாஜியார், “மாஷா அல்லாஹ், கடலே ஈக்குது உள்ளுக்கு!” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “நீங்கள் மழையை அளக்கிறியள், ஊற்றை அளக்கேல்லை. பங்குனியிலை வந்து அளந்து பாருங்கோ” என்றேன்.

தலைவர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, வகுப்பில் பின்வாங்கில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்: “டீச்சர், பங்குனியிலை தண்ணி வராதே. வராத தண்ணியை எப்பிடி அளக்கிறது?”

எல்லோரும் சிரித்தார்கள். நியாயமான கேள்வி என்று தலையாட்டினார்கள். வறட்சிக்கான திட்டத்தை வறட்சியில் அளக்கக் கூடாது, ஏனென்றால் அளக்க ஒன்றும் இருக்காது. நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு மழைவீழ்ச்சி வரைபடம் கீறக் காட்டிக்கொடுத்தவள். அன்றைக்குக் குடையை விரித்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.

முன்னதாக வளைவிலேயே திட்டத்துக்கு வாக்கெடுத்தபோது இடியப்பக்காரியும் கை உயர்த்தித்தான் வாக்களித்தாள். திரும்பி வரும்போது அவளைப் பிடித்துக் கேட்டேன்: “உனக்கென்ன பிள்ளை, பீலி கிட்டத்தானே?”

“கிட்டதான் டீச்சர். ஆனா கொடத்த தூக்குறது யாரு? வாசல்ல கொழா வந்தா இடுப்பு பொழச்சிக்கும்” என்றாள். தூக்கிச் சுமக்கிறவளுக்குக் குழாய் ஆசை இருக்கக் கூடாது என்று சட்டமா?

அடுத்து சிரமதானம், ஊர் கூடிக் கூலியில்லாமல் செய்யும் வேலை. கண்டியில் ஒரு வேலையைக் கெடுக்க வேண்டுமானால் அதற்குச் சிரமதானம் வைத்தால் போதும். மண்வெட்டியும் கத்தியும் தேநீர் அண்டாவும் வந்து சேர்ந்தால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வேகம் பிடித்துவிடும். எதையாவது வெட்டாமல் வீட்டுக்குப் போக மாட்டார்கள். பீலிக்கு மேலே நின்ற மருத மரத்தை, இலை விழுந்து தண்ணீர் அசிங்கமாகிறது என்று வெட்டினார்கள். பாறையில் படர்ந்திருந்த பன்னச் செடிகளைச் சுரண்டி எடுத்தார்கள். ஊற்றுக்கண்ணைச் சுற்றி வழுவழுப்பாகச் சீமெந்து பூசினார்கள். பழைய இரும்புக் குழாயைப் பிடுங்கி எறிந்தார்கள். பிறகு தாங்கி எழும்பியது. அதற்கு வான நீலம் அடித்து, கண்ணும் மூக்கும் வைத்துச் சிரிக்கும் ஒரு தண்ணீர்த் துளியும் வரைந்தார்கள். ஹாஜியார் தன் கடையிலிருந்து பித்தளைக் குழாய் ஒன்றை இனாமாகக் கொடுத்தார். அது தாங்கியின் முகப்பில், படம் எடுக்க வசதியான உயரத்தில் பொருத்தப்பட்டது.

குழாய் இழுக்கிற கட்டம் வந்தபோதுதான் எனக்கு உண்மையாகவே வயிறு எரிந்தது. தாங்கிக்குக் கீழே இருப்பது லயன் வீடுகள். தண்ணீர் தன்பாட்டில் இறங்கிப் போகும். ஒரு பிளாஸ்டிக் குழாய் போதும். மேலே இருப்பவை தலைவர் வீடும் எங்களைப் போன்றவர்களின் வீடுகளும். அங்கே ஏற்றுவதற்கு மோட்டார் வேண்டும், மின்சாரம் வேண்டும், தடித்த குழாய் வேண்டும். ஆகவே குழு என்ன செய்தது தெரியுமா? ஏற்ற வேண்டிய பக்கத்தை முதலாம் கட்டம் என்றது. இறங்கிப் போகிற பக்கத்தை இரண்டாம் கட்டம் என்றது. இரண்டாம் கட்டம் எப்போது என்று கேட்டால், “நீண்டகாலத்திலை டீச்சர், நீண்டகாலத்திலை” என்றார் தலைவர். மழை ஓயும் வரைக்கும் தாங்கி நிரம்பி வழிந்த தண்ணீர் பாதையோரக் கானில் ஓடியது. லயன் பெண்கள் அதில் பிடித்துச் சமாளித்தார்கள். அதனால் ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.

திறப்பு விழாவுக்கு நல்ல நேரம் பார்த்தார்கள். பிரதம அதிதிக்கு ஓய்வு இருந்த நாளும் சுபவேளையும் ஒன்றாகப் பொருந்தி வந்தது பங்குனியில். அதற்குள் மழை விட்டு வெகுநாள். ஆற்றின் நடுவே பாறைகள் முதுகைக் காட்டின. நகரக் குழாய் இருமத் தொடங்கியது. பீலியோ, முந்திய வெயில்களில் நூலாகவாவது விழுந்தது, சீமெந்துக்குள் கசிவதோடு நின்றுவிட்டது. மரத்தை வெட்டியதாலோ, கண்ணைப் பூசியதாலோ, தண்ணீர் வேறு இடுக்கு வழியே போய்விட்டதோ, எனக்குத் தெரியாது. பொறியியலாளருக்கும் தெரியாது. தாங்கிக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் சேற்றுத் தண்ணீர், அதில் ஒரு தவளை. திட்டத்தால் பயன்பெற்றது அதுவரைக்கும் அது ஒன்றுதான்.

லயன் வீடுகளுக்கு அப்போது வறட்சி நிவாரணத் தண்ணீர் ஏற்றிய பவுசர் லொறி வரத் தொடங்கியிருந்தது. இடியப்பக்காரி அந்தத் தண்ணீரைக் கொண்டு பாதித் தொகையாவது அவித்துக் கடைகளைப் பிடித்து வைத்திருந்தாள். கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் பழகிய கை என்று பொறுத்தார்கள்.

விழா நாள் விடிந்ததும் பவுசர் மேட்டில் முக்கி முனகி ஏறியது. பெண்கள் வாளி, குடம், சாய வாளி, குழந்தை குளிக்கும் தொட்டி என்று அகப்பட்டதையெல்லாம் பாதையோரம் வரிசையாக வைத்திருந்தார்கள். நான் கேற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பவுசர் நிற்கவில்லை. ஓட்டுநர் கையை அசைத்து ஏதோ சொன்னபடி அவர்களைத் தாண்டி வளைவில் ஏறி, நீலத் தாங்கிக்கு அருகே போய் நின்றது. தடித்த குழாயை இழுத்துத் தாங்கிக்குள் விட்டார்கள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் எனக்குக் கேட்டது. கீழே வாளிகள் வாய் பிளந்தபடி நின்றன.

நான் செருப்பையும் மாட்டாமல் ஓடினேன். தலைவர் வெள்ளைச் சட்டையில், நெற்றியில் திருநீறோடு மேற்பார்வை செய்துகொண்டிருந்தார்.

“என்ன செய்யிறியள்? அது அந்தச் சனத்தின்ரை தண்ணி!”

“ஓம் டீச்சர், விளங்குது. இண்டைக்கு ஒரு நாள்தானே? அதிதி வந்து குழாயைத் திறக்கேக்கை காத்து வந்தால் எங்கடை மானம் என்னாகிறது?”

மானம்! தாகத்துக்கு வந்த தண்ணீரை மானத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். அதில் ஒரு பிழையும் அவருக்குத் தெரியவில்லை என்பதுதான் என்னைப் பைத்தியமாக்கியது. ஹாஜியாரைப் பார்த்தேன். அவர்கூட அன்றைக்குச் சந்தோஷப்படாமல் மைக் வயரைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

பிரதம அதிதி வந்தார். மேளம், குத்துவிளக்கு, நாடா எல்லாம் முறைப்படி. சுபவேளையில் பித்தளைக் குழாயைத் திருகினார். நிவாரணத் தண்ணீர் பளபளவென்று விழுந்தது. படம் எடுத்தார்கள். குடிக்க அவருக்குப் போத்தல் தண்ணீர் கொடுத்தார்கள்; அந்த அளவுக்கு அறிவு குழுவிடம் இருந்தது. பிறகு அவர் சிங்களத்தில் பேசினார். நாடே காய்ந்து கிடக்கும் நேரத்தில் இந்தப் பாதையில் மட்டும் தண்ணீர் ஓடுகிறது, காரணம் தூரநோக்கு, மற்றப் பாதைகள் இதைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் வெறும் பேச்சு. ஆனால் அவருக்கு மனம் பொங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற அதிகாரியைத் திரும்பிப் பார்த்து, இவ்வளவு தன்னிறைவு பெற்ற இடத்துக்கு இனிப் பவுசர் எதற்கு, உண்மையாகக் கஷ்டப்படும் ஊருக்கு அனுப்புங்கள் என்றார். அதிகாரி அங்கேயே தலையாட்டினார்.

ஹாஜியார்தான் ஒலிபெருக்கியில் தமிழாக்கம் செய்தார். குரல் இறங்கிப்போயிருந்தது. “இந்த ரோட்டுக்கு இனிமே பவுசர் தேவல்லன்னு சொல்றாரு. இங்க தண்ணி தாராளமா ஈக்குதாம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். வளைவுக்குக் கீழே நின்ற லயன் பெண்களும் தட்டினார்கள். கை தட்டுவதற்கு மட்டும் எங்கள் சனத்துக்கு ஒத்திகை வேண்டாம். தட்டிய பிறகுதான் சொன்னது என்ன என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். இடியப்பக்காரி என்னிடம் வந்தாள். “அப்ப நாளைக்கும் வராதா டீச்சர்? நாளன்னைக்கும்?” என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தாங்கியைப் பார்த்தேன். அந்தத் துளி பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

அதிதியையும் குழுவையும் தலைவர் வீட்டுக்குப் பாற்சோறும் பணியாரமும் சாப்பிட அழைத்துப் போனார்கள். வளைவில் நாங்கள் மட்டும். தாங்கியின் அடிப்புறத்தில், சேற்றைக் கழுவிவிட ஒரு வழி வைத்து, திருகு சக்கரம் ஒன்றும் பூட்டியிருந்தார்கள். புதுச் சாமான், இறுக்கமாக இருந்தது. சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்து நான் திருகினேன். அவளும் வந்து கையைக் கொடுத்தாள். தண்ணீர் முதலில் மண்ணோடு வந்தது, பிறகு தெளிந்தது. பெண்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. நிரப்பினார்கள், கொண்டுபோய் ஊற்றினார்கள், திரும்பி வந்தார்கள். அந்தத் திட்டத்தில் ஒழுங்காக நடந்த ஒரே விநியோகம் அதுதான்.

தலைவர் கையில் பணியாரத்தோடு ஓடி வந்தார். “டீச்சர், படிச்ச நீங்கள் செய்யிற வேலையே இது? நீண்டகாலத்துக்கு எண்டு சேர்த்த தண்ணி!”

“விடியத்தானே வந்தது” என்றேன். அதற்கு மேல் பேசினால் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

இடியப்பக்காரி நிமிர்ந்து, மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: “நாளைக்கு மாவு பெசையணும் சார்.”

அவர் அவளைப் பார்த்தார். ஊற்றை அளந்தவர், தாங்கியை அளந்தவர், அவளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பணியாரத்தோடு திரும்பிப் போனார்.

அந்தத் தண்ணீர் கொஞ்ச நாளைக்குத்தான் வந்தது. பவுசர் வரவேயில்லை, நான் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் விழாப் படத்தை எனக்கே எடுத்துக் காட்டினார்கள். தண்ணீர் விழுகிற படம் இருக்கும்போது தண்ணீர் இல்லை என்று சொல்ல நான் யார்? என் வீட்டுக் குழாய் துப்பியதில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். இடியப்பத்துக்கு அது காணாது. பாலத்தடிக் கடைகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கண்டிப் பக்கமிருந்து மெஷின் இடியப்பம் எடுக்கத் தொடங்கின. மழை வந்து பீலிக் கான் மறுபடியும் ஓடியபோது அவள் தட்டுகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு கடைகளுக்குப் போனாள். “பாத்து சொல்றோம் அக்கா” என்று அனுப்பிவிட்டார்கள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மழை வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குழு கூடியது. கடந்த வறட்சியின் அனுபவங்களை ஆராய்ந்தது. ஆராய்ந்து ஒரே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: தாங்கியின் அடித் திருகு சக்கரத்துக்குப் பூட்டு. ஹாஜியார் பூட்டையும் இனாமாகவே கொடுத்தார், ஆனால் என் பக்கம் திரும்பாமல் கொடுத்தார். நான் எழும்பி, வரும் பங்குனிக்கு அந்தச் சனம் என்ன செய்யும் என்று கேட்டேன். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று தலைவர் காதைக் காட்டினார்.

அப்போது உள்ளேயிருந்து தேநீர்த் தட்டோடு இடியப்பக்காரி வந்தாள். அவள் இப்போது தலைவர் வீட்டில்தான் சமையலுக்கு நிற்கிறாள். அங்கே தாங்கிகள் வரிசையாக இருக்கின்றன. முதலாம் கட்டம் அல்லவா, அடுப்படியில் தண்ணீருக்குக் குறைவில்லை. பின்னேரம் வேலை முடிந்து போகும்போது குடிக்க ஒரு பிளாஸ்டிக் கேன் நிறையப் பிடித்துக்கொண்டு போக தலைவரின் மனைவி அனுமதித்திருக்கிறார். வளைவில் நீலத் தாங்கியைத் தாண்டி, அந்தக் கேனை இடுப்பில் வைத்துச் சுமந்துகொண்டு அவள் இறங்குவதை என் குசினி ஜன்னலால் பார்க்கிறேன். எங்கள் நீண்டகாலத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் அவ்வளவுதான். அதையும் இன்னும் அவளேதான் தூக்கிக்கொண்டு போகிறாள்.